பதினோராம் நம்பர் கிணறு

அந்த பாட்டிலை மட்டும் எடுத்துடாதீங்க சார். தண்ணிதான், ஆனா குடிக்கிறதுக்கு இல்ல. தாகமா இருந்தா இந்தாங்க, பையில இன்னொண்ணு இருக்கு. எங்க வீட்டு போர் தண்ணி. குடிங்க, முழுசையும் குடிங்க. எனக்கு வேண்டாம்.

அந்த முதல் பாட்டில்ல விஷமெல்லாம் இல்ல சார், முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. குடிச்சா ஒண்ணும் பண்ணாதுன்னு எங்க மேடமே சொல்லியிருக்காங்க. நான் குடிக்க மாட்டேன், அது வேற விஷயம்.

நிழல் பக்கம் சீட் காலியா இருக்குங்கறீங்க. இருக்கட்டும் சார், வெயில் நமக்குப் பழக்கம். நீங்க எங்க இறங்கறீங்க? ஆஸ்பத்திரி ஸ்டாப்பா. நான் அதுக்கு முந்தின ஸ்டாப், கல்யாண மண்டபம். வெள்ளை வேட்டியைப் பார்த்துட்டுக் கல்யாணமான்னு கேக்கறீங்க. இல்ல சார், கருத்துக் கேட்புக் கூட்டம். கலெக்டர் வர்றாரு. என்னையும் மேடையில ரெண்டு வரி பேசச் சொல்லியிருக்காங்க. 'பொதுமக்கள் சார்பில் திரு. சென்னியப்பன்'னு நோட்டீஸ்லயே போட்டிருக்கு. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் என் பேருக்கு முன்னால திரு போட்டது இதுதான்.

எங்க ஊரு நொச்சிமேடு. ஊருக்கு மேக்கால வெள்ளக்கரடுன்னு ஒரு மொட்டைக் கரடு, பாறைக்குன்று. புல்லுகூட முளைக்காது. மூணு வருஷத்துக்கு முன்னால அந்தக் கரட்டுக்கு லாரி லாரியா ஆளுங்க வந்தாங்க. போர் வண்டி வந்துச்சு. நாங்க என்ன நெனச்சோம், குடிதண்ணிக்குப் போடறாங்கன்னு நெனச்சோம். நானூறு மீட்டர் போட்டாங்க சார். தண்ணி வரல. வரலைன்னதும் கை தட்டினாங்க! எங்க ஊர்ல போர்ல தண்ணி வரலைன்னா பொம்பளைங்க அழுவாங்க. இவங்க இனிப்புக் குடுத்தாங்க. நானும் ஒரு லட்டு சாப்பிட்டேன்.

அப்பத்தான் அந்த ஆராய்ச்சியை நடத்தின விஞ்ஞானி நீலவேணி மேடம் ஊர்க்காரங்களைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. நல்ல பொம்பளை சார், தரையில உக்காந்து பேசுவாங்க. "அடுப்பு எரிஞ்சா சாம்பல் மிஞ்சற மாதிரி, அணு உலை எரிஞ்சா ஒரு சாம்பல் மிஞ்சுங்க. அது ஆறி அடங்க லட்சம் வருஷம் ஆகும். லட்சம் வருஷம் காவல் இருக்க மனுஷன் கிடைப்பானா? அதனால பாறையைக் காவலுக்கு வெக்கலாமான்னு பாக்கறோம். பாறை முழிச்சிருக்குமா தூங்கிடுமான்னு சோதிக்கறதுதான் இந்த வேலை" அப்படின்னாங்க.

"அப்ப இங்கதான் கொண்டுவந்து பொதைப்பீங்களா?"ன்னு டீக்கடை குப்பண்ணன் கேட்டாரு.

"இல்லீங்க. இது வெறும் ஆராய்ச்சி."

"ஆராய்ச்சி முடிஞ்சா?"

"அடுத்த கட்ட ஆராய்ச்சி."

எல்லாரும் சிரிச்சோம். மேடமும் சிரிச்சாங்க. ஆனா கொஞ்சம் தாமதமாச் சிரிச்சாங்க.

லட்சம் வருஷம்னா என்னன்னு எனக்குப் பிடிபடவே இல்ல சார். என் தங்கச்சி வீட்டுமேல எனக்கு இருக்கிற கோவத்துக்கு இருபது வருஷம் ஆகுது. அதுவே பெரிசுன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

அதைச் சொல்லாம இதைச் சொல்ல முடியாது. என் தங்கச்சி பேரு பாவாயி. அவ புருஷன் அர்த்தநாரி. எங்க ஊர்லயே, கரட்டுக்கு அந்தாண்ட பக்கம் அவங்க வெள்ளாமைக் காடும் கிணறும். அவ பொண்ணுக்குக் காது குத்து. நான் தாய்மாமன். என் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தணும், உங்க பக்கமும் அப்படித்தானே? தோடு வாங்க டவுனுக்குப் போனவன் திரும்பி வர்ற வழியில பஸ் பஞ்சர். முக்கால் மணி நேரம் லேட்டு. வந்து பாக்கறேன், குழந்தை காதுல ரத்தப் பொட்டோட உக்காந்திருக்கு. எவன் மடியில? அர்த்தநாரியோட பங்காளி ஒருத்தன் மடியில. நல்ல நேரம் போயிடுச்சாம்!

தோட்டைக் குடுத்துட்டுப் பந்தியில உக்காந்துட்டேன். பாதி சாப்பாட்டுல அர்த்தநாரி இலை இலையா விசாரிச்சுட்டு வர்றான். என்கிட்ட வந்து சிரிச்சுக்கிட்டே, "மச்சான் காதுக்கு வரலைன்னாலும் சோத்துக்குச் சரியா வந்துட்டாரு"ன்னான். பந்தியே சிரிச்சுது சார்.

எந்திரிச்சேன். கை கழுவல. அவன் வீட்டுத் தண்ணியில கழுவ மனசு வரல. ரசம் சோறு ஒட்டின கையோட ஒன்றரை மைல் நடந்தேன். எதிர்ல வந்தவன் எல்லாம் கையைப் பாத்தான். எங்க வீட்டுக் குழாயிலதான் கழுவினேன். வாசல்ல நின்னு ஊர் கேக்கச் சொன்னேன்: செத்தாலும் இனி அந்த வீட்டுத் தண்ணியில என் கை நனையாதுன்னு.

இன்னைக்கு வரைக்கும் நனையல. சொன்ன சொல்லுன்னா சொல்லு சார். என்கிட்ட நூறு குறை இருக்கலாம். இந்த ஒண்ணு மட்டும் யாரும் சொல்ல முடியாது.

சரி. கரட்டுல அஞ்சு குழி போட்டாங்க. பாறைக்கு எதிரி தண்ணிதானாம். கல்லுக்குள்ள மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்து அதுல தண்ணி நடமாடினா, உள்ள வெச்சது ஒருநாள் வெளியே வந்துடும். அதைச் சோதிக்க மூணாம் குழியில ஒரு சாயத்தைக் கரைச்சு அழுத்தி விட்டாங்க. பச்சைச் சாயம். ஒரு கைப்பிடி போட்டா ஒரு குளமே வாழைக்குருத்து நிறம் ஆயிடுமாம். அந்தச் சாயம் சுத்துவட்டாரக் கிணத்துல எங்கயாவது தலைகாட்டுதான்னு ஒரு வருஷம் பாக்கணும். பதினாலு கிணறு. திங்கள், வியாழன். உள்ளூர் ஆள், கிணறு தெரிஞ்சவன், பொய் சொல்லாதவன் வேணும்னு மேடம் கேட்டாங்க. ஊர்க்காரங்க என்னைக் கை காட்டினாங்க.

வேலை சுலபம்தான். பழுப்பு பாட்டில், நம்பர் ஒட்டியிருக்கும். வாளி விட்டு எடுத்த தண்ணியில பாட்டிலை மூணு தடவை அலசணும். அப்புறம் காத்து இல்லாம விளிம்பு வரைக்கும் புடிக்கணும். உடனே கறுப்புப் பையில சுத்தி ஐஸ் பெட்டியில வெக்கணும். "வெயில் மட்டும் படவே கூடாது சென்னியப்பன்"னு மேடம் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க. "இந்தச் சாயத்துக்கு வெயில்தான் எமன். ஒரு பகல் வெயில்ல விட்டா சாயம் செத்துடும். அப்புறம் இருந்த தடமே தெரியாது."

இதுல பதினோராம் நம்பர் அர்த்தநாரி கிணறு.

முதல் திங்கக்கிழமை போனேன் சார். போகலைன்னு யாரும் நெனைக்கக் கூடாது. பத்தாம் நம்பர் மாரியம்மன் கோயில் கிணறு. அதை முடிச்சுட்டு, வரப்பு ஏறி, அர்த்தநாரி காட்டு வேலி வரைக்கும் போனேன். பாவாயி பாத்துட்டா. கிணத்து மேட்டுல ராட்டினக் கயித்தைப் புடிச்சுக்கிட்டு நின்னா. "வாண்ணா"ன்னா. அவ்வளவுதான். அத்தனை வருஷத்துல அவ வாயால எனக்குக் கேட்ட முதல் சொல்லு.

மூணு தடவை அலசணும் சார். கை நனையாம எப்படி அலசுவீங்க?

திரும்பிட்டேன். கோயில் கிணத்துக்கே வந்து பதினோராம் நம்பர் பாட்டிலையும் ரொப்பினேன். நடந்தா முன்னூறு அடி தூரம். அடியில எல்லாம் ஒரே தண்ணிதானே? நீங்களே சொல்லுங்க. மேல நாமதான் வேலி போட்டு உன்னுது என்னுதுங்கறோம்.

வேற ஆளை அனுப்பியிருக்கலாமேங்கறீங்க. மேடம் கூடாதுன்னுட்டாங்களே. "எல்லாம் உங்க கையாலதான எடுக்கறீங்க?"ம்பாங்க. "என் கையாலதான் மேடம்"பேன். அது உண்மை. ஒவ்வொரு பாட்டிலும் என் கையாலதான் எடுத்தேன். நூத்தி நாலு தடவை. மழையிலயும் போனேன், காய்ச்சல்லயும் போனேன். ஒருநாள்கூடத் தவறல.

ஒரே ஒரு தடவை மேடம் ஒரு காகிதத்தைப் பாத்துட்டு, "பத்தும் பதினொண்ணும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கே. உப்புகூட ஒரே அளவு"ன்னாங்க.

"பக்கத்துப் பக்கத்துக் கிணறுங்க மேடம்."

"ஓ"ன்னு எழுதிக்கிட்டாங்க. என்ன எழுதினாங்கன்னு தெரியல. அதுக்கு அடுத்த மாசம் அவங்களை வடக்க எங்கயோ மாத்திட்டாங்க. அவங்க இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கறேன். நெனைக்கறதுக்கு என்ன.

அர்த்தநாரி முதல்லேர்ந்தே ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்தான். மூணாம் குழி போடறப்போ, மேல போர் மிஷின் குழிக்குள்ள காத்தடிச்சா கீழ அவன் கிணறு கொதிக்குதாம். குமிழ் குமிழா வருதாம். டீக்கடையில வந்து சொன்னான். "மீன் குசு விட்டிருக்கும் மாப்பிள்ளை"ன்னு குப்பண்ணன் சொல்ல, கடையே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன். பந்தியில அவன் சிரிக்க வெச்சான்ல, அதுக்கு இது.

அப்புறம் மாசி மாசம். கோடை முன்கூட்டியே வந்து கிணறெல்லாம் அடியில கிடந்துச்சு. அர்த்தநாரி மறுபடி டீக்கடைக்கு வந்தான். இந்தத் தடவை சத்தம் போடல. "வெள்ளை பேசின்ல புடிச்சா தண்ணி இளம்பச்சையா இருக்குது"ன்னான். பாசியா இருக்கும்னாங்க. "பாசி எனக்குத் தெரியாதா? அது மொதக்கும். இது கரைஞ்சிருக்குது"ன்னான்.

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான்தானே பெட்டிக்காரன். "பதினோராம் நம்பர்ல ஒண்ணும் வரல. ரிப்போர்ட் இருக்கு"ன்னேன்.

"என் கிணத்துப் பக்கம் நீ வந்ததே இல்லையே மச்சான்?"

அப்படிக் கேட்டான் சார். அத்தனை பேருக்கு முன்னால. நேரா என் கண்ணைப் பாத்து. எனக்கு நெஞ்சுக்குள்ள ஐஸ் பெட்டியைத் தெறந்து வெச்ச மாதிரி இருந்துச்சு. இதோ முடிஞ்சுதுன்னு நெனச்சேன். என்ன ஆச்சு தெரியுமா? யாரும் நம்பல. குப்பண்ணன் டீயை ஆத்திக்கிட்டே, "பழைய கோவத்தையெல்லாம் கவர்மெண்ட் வேலையில கொண்டாராத அர்த்தநாரி"ன்னாரு. "ஆமா, மச்சினன் மேல காட்டம்"னாங்க. அவன் டீயைக் குடிக்காமலே போயிட்டான்.

நான் பொய் சொல்லல சார். யோசிச்சுப் பாருங்க. ரிப்போர்ட்ல ஒண்ணும் வரலைன்னேன். வரலைதானே?

ஆனா அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில கரட்டைப் பாத்தேன். பொறந்ததுலேர்ந்து பாத்த கரடுதான். அன்னைக்கு என்னமோ அது என்னைப் பாக்கற மாதிரி இருந்துச்சு. உள்ள எங்கயோ ஒரு மயிரிழை வழியா சொட்டுச் சொட்டா ஒண்ணு கீழ இறங்கிக்கிட்டு இருக்கு, அதுக்கு அவசரமே இல்ல, லட்சம் வருஷம் கைவசம் இருக்குன்னு தோணுச்சு. அதுலேர்ந்து அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கறதில்ல.

பெரிய ரிப்போர்ட் வந்துடுச்சு. பதினாலு கிணறு, ஒரு வருஷம், சாயத்தோட தடமே இல்ல. நாட்டுல எத்தனையோ கரட்டைச் சோதிச்சதுல எங்க கரடு சுத்தமான கல்லுன்னு வந்துடுச்சு. அடுத்து சுரங்கம் வெட்டப் போறாங்க. சுரங்கத்துக்குள்ள பெரிய ஆராய்ச்சிக்கூடம். அதுக்குத்தான் இன்னைக்குக் கூட்டம். போன வாரம் ஒரு அதிகாரி கார் போட்டுக்கிட்டு வீட்டுக்கே வந்தாரு. "அய்யா, நீங்க வேற ஒண்ணும் பேச வேண்டாம். பதினாலு கிணத்துலயும் நானே என் கையால தண்ணி எடுத்தேன், ஒண்ணும் இல்லைன்னு சொன்னாப் போதும். நாங்க சொன்னா மக்கள் நம்ப மாட்டாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க"ன்னாரு. என் சம்சாரம் அவருக்கு மோர் குடுத்தா. டம்ளரைக் கீழ வெக்கறப்போ, "உங்களை மாதிரி ஒரு ஆள் கிடைச்சது எங்க அதிர்ஷ்டம்"னாரு.

நேத்து காலையில பாவாயி வந்தா.

வாசல்ல நின்னா. உள்ள வரல. முந்தானையில என்னமோ மறைச்சுப் புடிச்சிருந்தா. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு சார் அவளுக்கு, தூரத்துலேர்ந்து பாத்ததுல தெரியல.

"அண்ணா, இது மாசி மாசம் புடிச்சது. பச்சை நல்லாத் தெரிஞ்சப்போ. அரிசி அண்டாவுக்குள்ள வெச்சிருந்தேன், வெளிச்சம் படாம. நீ கறுப்புப் பையில சுத்துவியே, அதை ஒவ்வொரு தடவையும் காட்டுலேர்ந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். இப்ப மழை பேஞ்சு கிணறு கழுத்து மட்டும் நிக்குது, புதுசா எடுத்தா ஒண்ணும் தெரியாது. இது ஒண்ணுதான் இருக்குது."

கறுப்புத் துணி சுத்தியிருந்தா. அவளோட பழைய ஜாக்கெட் துணி.

"உம் மாப்பிள்ளை கொண்டுபோனா ஒருத்தரும் நம்ப மாட்டாங்கண்ணா. நீ குடுத்தா நம்புவாங்க. எங்க தண்ணியை நீ குடிக்க வேண்டாம், கை நனைக்க வேண்டாம். கலெக்டர் மேசை மேல வெச்சா போதும். எம் பேரப் புள்ளைங்க குடிக்கப் போற தண்ணிண்ணா."

பேரப் புள்ளைங்க சார். அந்தக் காது குத்தின பொண்ணுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆயிருக்கு. இப்ப மாசமா இருக்காளாம். எனக்குப் பத்திரிகை வெச்சாங்களான்னு கேக்காதீங்க.

அவ கையிலேர்ந்து நேரா நான் வாங்கல. வாங்கலாமா? எனக்குன்னு ஒண்ணு இருக்குல்ல. "சுவத்து மேல வெச்சுட்டுப் போ"ன்னேன். வெச்சுட்டுப் போயிட்டா. ரெண்டு தடவை திரும்பிப் பாத்தா.

உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எப்படிக் கொண்டு போறது? குச்சியால துணியை விலக்கிப் பாத்தேன். சாதாரண பாட்டில்தான், இதோ இதுதான். பச்சை இருந்துச்சு சார். பொய் சொல்ல மாட்டேன். சுவத்துச் சுண்ணாம்பு பின்னால இருக்க, கிளிக்குஞ்சு இறகு மாதிரி ஒரு நிறம். நான் பெருமூச்சு விட்டேனா, கத்தினேனான்னு எனக்கே நெனவில்ல. துணியை எடுத்து மடிச்சு உள்ள வெச்சேன். பாட்டில் சுவத்து மேலயே இருந்துச்சு. சாயந்திரம் வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. யார் எடுக்கறது? என் சம்சாரம் தொடமாட்டா, நான் சொன்ன சொல்லுதான் அவளுக்கும். பொழுது சாய்ஞ்சப்புறம் கண்ணாடிக் கவரைப் போட்டுத் தூக்கி உள்ள வெச்சேன்.

கொண்டு போறேன் சார். கட்டாயம் கலெக்டர் மேசை மேல வெப்பேன். சோதிச்சுப் பாருங்கன்னு சொல்லுவேன். தங்கச்சி கேட்ட ஒண்ணு அதுதானே. சோதிச்சு ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா, எல்லாருக்கும் நல்லதுதானே? பாவாயிக்கும் நிம்மதி, அர்த்தநாரியும் அடங்குவான். எதுக்கும் பாதகம் இல்ல. என் சொல்லும் சொல்லா நிக்கும்.

என்ன சார், பாட்டிலையே பாக்கறீங்க? பச்சை தெரியலைங்களா? எனக்கும் காலையிலேர்ந்து தெரியல. நேத்து தெரிஞ்சுது. கண்ணு வேற முன்ன மாதிரி இல்ல. பின்னால வெள்ளைத் துணி இருந்தா நல்லாத் தெரியும்னு மேடம் சொல்லுவாங்க. இருங்க, வேட்டி மேல வெச்சுப் பாக்கறேன். இப்ப? வெறும் தண்ணியாட்டம் இருக்குங்கறீங்க.

வெயிலா? ஆமா, வெயில்லதான் இருக்கு. வண்டி ஏறினதுலேர்ந்து ஜன்னல்லதான் வெச்சிருக்கேன். கீழ வெச்சா உருளும்னு. இல்ல, மடியில வெச்சிருக்கலாம். இல்ல சார், நான் எப்பவும் இந்தப் பக்கம்தான் உக்காருவேன். நீங்க நிழல் பக்கம் போகச் சொன்னீங்க. ஆமா, சொன்னீங்க. வெயில் பட்டா சாயம் செத்துடும்னு நான்தானே உங்ககிட்டச் சொன்னேன்?

நான் வேணும்னு பண்ணல. அப்படி நெனைக்காதீங்க. ஒரு மனுஷன் தான் பொறந்த ஊருக்கு, தன் கூடப் பொறந்தவளுக்கு, வேணும்னு பண்ணுவானா? நீங்க வெளியூர்க்காரர், உங்களுக்கு எங்க ஊர் நடப்புப் புரியாது. பண்ணுவானா சார்?

மண்டபம் தெரியுது பாருங்க, பந்தல் போட்டிருக்காங்க. அந்த ஓரத்துல தனியா நிக்கறவன் இருக்கானே, நீலச் சட்டை, அதான் அர்த்தநாரி. பக்கத்துல பாவாயி. பஸ் பஸ்ஸா எட்டிப் பாக்கறா, நான் வர்றேனான்னு.

இருங்க, அந்தக் கறுப்புத் துணி சட்டைப் பையிலயே இருக்கு. சுத்திடறேன். கவரோட சேத்துச் சுத்தினா கை படாது. இதோ. நல்லா இறுக்கியாச்சு, ஒரு பொட்டு வெயில் உள்ள போகாது. முடிச்சுகூடப் போட்டாச்சு. கொஞ்சம் காலை நகர்த்துங்க சார், இறங்கணும். நாளைக்கு யாராவது கேட்டா நீங்கதான் சாட்சி. கறுப்புத் துணியில பத்திரமாச் சுத்தித்தான் கொண்டு போனான், கைகூட நனையலைன்னு சொல்லுங்க.